புல்வெட்டி வாங்குமுன் காணியை நடந்து பாருங்கள்: மலிவு இயந்திரமா, கனரக இயந்திரமா என்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரி மழை ஓய்ந்து, தை மாசியில் வெயில் ஏறத் தொடங்கும்போது, திருகோணமலை மாவட்டத்தின் தென்னந்தோட்டங்களிலும் மாந்தோப்புகளிலும் மேய்ச்சல் தரைகளிலும் கினிப்புல் ஆள் உயரத்துக்கு நிற்கும். கூலிக்கு ஆள் பிடித்து, கத்தியாலும் தோளில் கொழுவும் இயந்திரத்தாலும் ஒரு மூலையை வெட்டி முடிப்பதற்குள் மறு மூலையில் புதுத் தளிர் எழுந்துவிடுகிறது. ஆகவே, உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டும் சுழல் புல்வெட்டியை வாங்க நினைப்போர் பலர். மலிவானதை வாங்குவதா, விலை கூடிய கனரக இயந்திரத்தை வாங்குவதா என்ற கேள்வி எழுந்ததும், கையிலுள்ள பணத்தையும் உழவு இயந்திரத்தின் குதிரைவலுவையும் மட்டும் வைத்து முடிவு செய்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கிருந்தே தொடங்குகின்றன.

முதலில் பெயரைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நம் பகுதியில் ‘ரொட்டறி’ என்றால் மண்ணைக் கிளறிச் சேறாக்கும் ரொட்டவேட்டர்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாம் இங்கே பேசுவது வேறு. இரும்புத் தகட்டாலான ஒரு கூடு, அதன் மேல் ஒரு கியர்ப்பெட்டி, கூட்டின் கீழே கிடையாகச் சுழலும் இரண்டு தடித்த அலகுகள் ஆகியன சேர்ந்த புல்வெட்டி அது; சிலர் இதனைச் சிலாஷர் என்றும் சொல்வர். இது மண்ணைத் தொடக்கூடாது. தொட்டால் அலகும் கெடும், கியர்ப்பெட்டியும் கெடும்.

வெறும் கினிப்புல்லை வெட்டுவதில் மலிவு இயந்திரத்துக்கும் கனரக இயந்திரத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இரண்டும் வெட்டும், வெட்டிய புல்லைப் பார்த்து எந்த இயந்திரம் வெட்டியது என்று எவராலும் சொல்ல முடியாது. வெட்டக்கூடாத ஒன்றில் அலகு மோதும் அந்த ஒரு கணத்தில்தான் வேறுபாடு வெளிப்படுகிறது. ஐந்தடி அகலமான இயந்திரத்தின் அலகு நிமிடத்துக்கு ஏறத்தாழ 1000 தடவை சுழல்வதாக வைத்துக்கொண்டால், அலகு நுனியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 280 கிலோமீற்றர் ஆகும். அந்த வேகத்தில் ஒரு கல்லிலோ வெட்டப்பட்ட வடலியின் அடிக்கட்டையிலோ கறையான் புற்றிலோ மோதும்போது எழும் அதிர்ச்சி முழுவதும் அலகுகளைத் தாங்கும் தட்டு, அச்சு, கியர்ப்பெட்டி, கூடு என்ற வரிசையில் மேலேறுகிறது. அதைத் தாங்கி மறுநாளும் வேலை செய்வதற்கே கனரக இயந்திரத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்கிறோம்.

எனவே கடைக்குப் போகுமுன் காணியைக் காலால் நடந்து பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதே எல்லாத் தவறுகளிலும் பெரியது என்பது என் கருத்து. நிலாவெளி, குச்சவெளிக் கரையோரத்து மணற்பாங்கான தென்னங்காணியில் கல் குறைவு. ஆண்டுதோறும் துப்புரவாக்கப்படும் காணியானால் அங்கே புல்லும் விழுந்த ஓலையும் தவிர வேறெதுவும் இராது. பன்குளம், மொறவெவ பக்கத்து மேட்டு நிலங்களில் கல் தலைநீட்டிக்கொண்டிருக்கும் இடங்கள் உண்டு. ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கத்தில் ஈச்சம் புதரும் நாயுண்ணியும் அடர்ந்த நிலம் வேறொரு கதை. இவற்றையெல்லாம்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது, நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த காணியை. 2006 இல் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த மக்களிற் பலர் 2015 இற்குப் பின்னரே தம் காணிகளுக்குத் திரும்ப முடிந்தது. அத்தகைய காணிகளில் பழைய வேலியின் முட்கம்பியும் இடிந்த வீட்டின் அத்திவாரக் கல்லும் தூர்ந்த கிணற்றின் கட்டும் புல்லுக்குள் மறைந்திருக்கும். முட்கம்பி அலகின் அச்சில் சுற்றிக்கொண்டால், கியர்ப்பெட்டியின் கீழே ஒயில் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை அறுத்துவிடும். ஒயில் ஒழுகித் தீர்ந்த பின்னரே பலருக்கு அது தெரியவருகிறது. கண்ணிவெடி அகற்றப்பட்டது என்று உறுதி செய்யப்படாத நிலத்தில் எந்த இயந்திரத்தையும் இறக்கக்கூடாது. அங்கே இயந்திரத் தெரிவு பற்றிய பேச்சுக்கே இடமில்லை.

நடந்து பார்த்த பின், இயந்திரத்தின் உறுதியை அளந்து பார்க்கலாம். விற்பனையாளர் ‘ஹெவி டியூட்டி’ என்று சொல்வதையும் கூட்டின்மேல் பூசிய நிறத்தையும் நம்பி வாங்குவது அடுத்த தவறு. ‘எத்தனை அங்குலத் தண்டை வெட்டும்?’ என்று கேளுங்கள். இலேசான இயந்திரங்கள் 1 அங்குலத் தண்டுக்கும், நடுத்தரமானவை 2 அங்குலத்துக்கும், கனரகமானவை 3 அங்குலத்துக்கும் அதற்கு மேலும் என வகுக்கப்படுகின்றன. கூட்டின் தகடு மலிவானவற்றில் ஏறத்தாழ 2.5 முதல் 3 மில்லிமீற்றர் வரையும், உறுதியானவற்றில் 4.5 முதல் 6 மில்லிமீற்றர் வரையும் இருக்கும். விளிம்பு மடித்திருப்பதால் தடிப்பாகத் தோன்றும் தகடுகளும் உண்டு. ஆகவே மடிப்பில்லாத இடத்தில் அளக்க வேண்டும். கூட்டைக் குனிந்து கீழே பார்க்கும்போது, அலகுகள் பூட்டப்பட்ட இடத்தில் வெறும் பட்டைச் சட்டம் இருக்கிறதா, கிண்ணம்போல் வளைந்த வட்டத் தட்டு இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அந்த வட்டத் தட்டு அடிக்கட்டையின்மேல் வழுக்கி ஏறி அச்சைக் காப்பாற்றும். கட்டை நிறைந்த காணிக்கு, தகட்டின் தடிப்பைவிட இத்தட்டே முக்கியம் என்பேன்.

‘என்னிடம் 45 குதிரைவலு இருக்கிறது, ஆகவே ஏழடி அகலத்தை வாங்கலாம்’ என்ற கணக்கும் அடிக்கடி பிழைக்கிறது. எஞ்சினின் வலு முழுவதும், பின்னால் பூட்டும் கருவியைச் சுழற்றும் பி.ரி.ஓ அச்சுக்கு வருவதில்லை; 45 குதிரைவலு எஞ்சினில் அங்கே கிடைப்பது 38 அளவில் இருக்கும். அடியொன்றுக்கு 5 குதிரைவலு என்ற பொதுக் கணக்கின்படி புல்லுக்கு ஏழடி பொருந்துவதுபோல் தோன்றினாலும், அடர்ந்த புதருக்கு ஐந்தடியே நிம்மதி. நிறையையும் பார்க்க வேண்டும். ஐந்தடி அகலத்தில் இலேசான இயந்திரம் 250 கிலோகிராம் அளவில் இருக்க, கனரகமானது 350 கிலோகிராமையும் தாண்டும். அதைத் தூக்கியபடி வரம்பில் ஏறும்போது முன் சில்லுகள் நிலத்தை விட்டு எழுந்து, சுக்கான் பிடிக்கு அடங்காமல் போகும். முன்பக்கத்தில் எதிர்நிறை பூட்டாமல் கனரக இயந்திரத்தைச் சிறிய உழவு இயந்திரத்தில் கொழுவுவது, பணம் கொடுத்து ஆபத்தை வாங்குவதாகும்.

பழைய உழவு இயந்திரம் வைத்திருப்போருக்கு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மெசி பேர்கசன் 135 போன்ற பழைய வகைகளிற் சிலவற்றில் ஒற்றைக் கிளச் மட்டுமே உண்டு. கிளச்சை மிதித்தால் சில்லும் பி.ரி.ஓவும் எஞ்சினிலிருந்து ஒருசேர விடுபடும். ரொட்டவேட்டர் பூட்டி உழும்போது இது தொல்லை தராது, ஏனெனில் மண்ணின் பிடியே அதனை நிறுத்திவிடும். புல்வெட்டியின் அலகுகளோ கிளச்சை மிதித்த பின்னரும் தம் வேகத்தில் சுழன்றுகொண்டிருந்து, அச்சு வழியாகக் கியர்களைத் திருப்பி, உழவு இயந்திரத்தையே முன்னோக்கித் தள்ளும். வேலிக்கோ வாய்க்காலுக்கோ அருகே நிறுத்த முயன்றவர், வண்டி நிற்காமல் போவதைக் கண்டு திகைப்பது இதனால்தான். அலகு எவ்வளவு கனமோ அவ்வளவு பலமாகத் தள்ளும். ஆகவே கனரக இயந்திரத்தில் இந்த ஆபத்து கூடுகிறது. பி.ரி.ஓ அச்சில், எஞ்சினிலிருந்து அலகுக்கு மட்டும் சுழற்சியைக் கடத்தும் ஒருவழிக் கிளச் ஒன்றைப் பூட்டினால் இது முற்றாக நீங்கும். இயந்திரத்தின் விலையோடு ஒப்பிட்டால் அது சிறு செலவு. அதைப் பூட்டாமல் எவரும் வேலையைத் தொடங்கக்கூடாது.

மலிவு இயந்திரம் வாங்கியவர் செய்யும் தவறு வேறு விதமானது. அவற்றிற் பலவற்றில், அதிர்ச்சி மிகும்போது தானே முறிந்து கியர்ப்பெட்டியைக் காப்பாற்றும் மென்மையான போல்ட் ஒன்று இருக்கும். அது அடிக்கடி முறிகிறதே என்று சலித்து, இரும்புக் கடையில் உறுதியான போல்ட்டை வாங்கிப் போடுவார்கள். அடுத்த கட்டையில் போல்ட் முறியாது. கியர் பல் முறியும். போல்ட் அடிக்கடி முறிவது, இந்தக் காணிக்கு இந்த இயந்திரம் போதாது என்று இயந்திரமே சொல்லும் செய்தி. விலை கூடியவற்றில் இதற்குப் பதிலாக, அதிர்ச்சி மிகும்போது முறியாமல் வழுக்கிக்கொடுக்கும் வழுக்குக் கிளச் இருக்கும். அது வசதியானதுதான், ஆயினும் நம் கரையோர உப்புக் காற்றில் சில மாதங்கள் சும்மா கிடந்தால் அதன் தட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், பின்னர் வழுக்கவே வழுக்காது. ஒவ்வொரு போகத் தொடக்கத்திலும் அதன் சுருள்வில் நட்டுகளைத் தளர்த்தி, இரண்டு மூன்று வினாடிகள் வழுக்கவிட்டு, முன்பிருந்த அளவுக்கே இறுக்க வேண்டும். இதைச் செய்ய மனமில்லாதவருக்குப் போல்ட் உள்ள இயந்திரமே மேல்.

கல் எறிதலைத் தடுக்கும் சங்கிலித் திரையை, ‘புல் சிக்குகிறது’ என்று கழற்றி வைப்பதையும் காண்கிறேன். அலகில் பட்ட கல் 100 மீற்றர் தூரம்கூடப் பறக்கக்கூடும். பாடசாலை, வீதி, ஆட்டுப் பட்டி என்பவற்றுக்கு அருகே வெட்டுவோர் விலையைக் குறைப்பதற்காகத் திரையில்லாத இயந்திரத்தை வாங்குவது மன்னிக்கத்தக்கதன்று.

இவ்வளவு சொன்னதனால், எல்லோரும் கனரகமே வாங்க வேண்டும் என்று நான் சொல்வதாகக் கொள்ளக்கூடாது. இரண்டு மூன்று ஏக்கர் தென்னங்காணியை ஆண்டில் இருமுறை வெட்டும் ஒருவருக்கு மலிவு இயந்திரம் பல ஆண்டுகள் உழைக்கும். கனரகம் அவருக்கு வீண் செலவும் வீண் டீசலும்தான். கிண்ணியாவிலிருந்து தம்பலகாமம் வரை காணி காணியாகக் கூலிக்கு வெட்டப் போகிறவரின் நிலை நேர்மாறானது. பிறர் காணியில் என்ன புதைந்திருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குக் கனரகமே பொருந்தும்.

எதை வாங்கினாலும், முதல் நாள் பூட்டுமுன் கியர்ப்பெட்டியின் மூடியைத் திறந்து ஒயில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒயில் ஊற்றாமலே அனுப்பப்படும் இயந்திரங்கள் உண்டு. உலர்ந்த கியர்ப்பெட்டி சில மணித்தியாலங்களிலேயே எரிந்துவிடும். பி.ரி.ஓ அச்சின் நீளத்தையும் பார்த்து, இயந்திரத்தை மேலும் கீழும் அசைத்து, எந்த நிலையிலும் அச்சு முட்டி நெரியவில்லை என்று உறுதிசெய்த பின்னரே இயக்க வேண்டும். பழைய இயந்திரத்தை வாங்குபவர், எஞ்சினை நிறுத்தி, கூட்டைத் தூக்கிக் கீழே உறுதியான கட்டை வைத்த பின், அலகுத் தட்டைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கட்டும். ஆட்டம் இருந்தால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. அச்சைச் சுற்றி ஈரமான ஒயில் கசடு இருந்தால், முன்பு எப்போதோ கம்பி சுற்றிச் சீல் போயிருக்கிறது.