ஒற்றைத் தலைவலியைத் தூண்டுவது எது? மாதக் காலண்டரில் 12 வாரம் குறித்துக் கண்டுபிடிக்கும் முறை

முதலில் உங்களுக்கு இருப்பது ஒற்றைத் தலைவலி எனும் மைக்ரேன்தானா என்று பார்த்துவிடுங்கள். 'ஒற்றை' என்று பெயர் இருந்தாலும் பலருக்கு இரண்டு பக்கமும் வலிக்கும். மாத்திரை போடாவிட்டால் 4 முதல் 72 மணி நேரம் நீடிக்கும். விண்விண்ணென்று தெறிக்கும், மாடிப்படி ஏறினால் கூடும். கூடவே குமட்டல் இருக்கும், அல்லது வெளிச்சமும் சத்தமும் ஆகாது. கன்னமும் நெற்றியும் வலிக்கிறதே என்று 'சைனஸ்' பேரில் வருடக்கணக்காக ஆவி பிடிப்பவர்களில் பலருக்கு உண்மையில் இருப்பது இதுதான்.

திடீரென்று ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, பேச்சுக் குழறல், கை கால் தளர்ச்சி, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி: இவற்றுக்குக் குறிப்பெழுதிக்கொண்டிருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

படி 1: காலண்டர்

பால் கணக்கு எழுதுவோமே, அந்தப் பெரிய கட்டம் போட்ட மாதக் காலண்டர் போதும். செயலிகளை நான் பரிந்துரைப்பதில்லை. தலை தெறிக்கும்போது ஃபோன் வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. மூன்றாம் வாரத்தில் பதிவு நின்றுவிடும்.

படி 2: தினமும் இரவு இரண்டு நிமிடம்

தூங்கிய நேரம், எழுந்த நேரம், மூன்று வேளை சாப்பிட்ட நேரம், காபி டீ எத்தனை, கடைசியாக எப்போது. வெயில், பயணம், தலைக்குக் குளித்தது, ஊதுபத்தி, சென்ட் வாசனை இருந்தால் ஒரு சொல். பெண்கள் மாதவிடாய் முதல் நாளை வட்டமிடுங்கள். வலி வந்தால் 0 முதல் 10-க்குள் ஒரு எண், போட்ட மாத்திரை.

தலைவலி வந்த நாளை மட்டும் எழுதினால் இவ்வளவும் வீண். ஏன் என்பது அடுத்த படியில்.

படி 3: கணக்கு

84 நாளில் 12 நாள் தலைவலி என்று வையுங்கள். அந்த 12-இல் 10 நாள் தக்காளி சாப்பிட்டிருக்கிறீர்கள். உடனே தக்காளிமேல் பழி விழும். ஆனால் நம் வீட்டில் தக்காளி இல்லாத குழம்பு ஏது? மொத்தம் 70 நாள் சாப்பிட்டதில் 10 நாள் வலி. சாப்பிடாத 14 நாளில் 2 நாள் வலி. இரண்டுமே ஏழில் ஒன்று. தக்காளிக்குச் சம்பந்தமில்லை.

அதே காலண்டரில் மதியச் சாப்பாடு தள்ளிப்போன நாள் 14, அதில் வலி 7. நேரத்துக்குச் சாப்பிட்ட 70 நாளில் வலி 5 மட்டும். ஆள் அகப்பட்டுவிட்டது. வலி இல்லாத நாளையும் எழுதியிருந்தால்தான் இந்த ஒப்பீடு வரும்.

படி 4: முன்னறிகுறியைத் தூண்டுதலாக எண்ணாதீர்கள்

அதிகம் பேர் வழுக்குவது இங்கேதான். வலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்பே, சிலருக்கு ஒன்றிரண்டு நாள் முன்பே, மூளைக்குள் மைக்ரேன் ஆரம்பித்துவிடுகிறது. ஓயாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, சிடுசிடுப்பு, அடிக்கடி சிறுநீர், இனிப்பு மேல் அடங்காத ஆசை எல்லாம் அதன் வேலை. சாக்லேட் தின்றதால் தலைவலி வந்தது என்கிறோம். பல நேரம் தலைவலி வரப்போவதால்தான் சாக்லேட்டைத் தேடியிருப்போம். கழுத்து வலிக்குத் தலையணையைக் குற்றம் சொல்லி மூன்று தலையணை மாற்றியும் பலனில்லாமல் போவது இதனால்தான். இவற்றை வேறு நிற மையில் எழுதுங்கள். தவிர்க்க வேண்டிய பட்டியலில் சேர்க்காதீர்கள்; எச்சரிக்கை மணியாக மட்டும் வையுங்கள்.

படி 5: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம், நான்கு வாரம்

கணக்கில் அகப்பட்டவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி, நான்கு வாரம் பாருங்கள். ஒரே தூண்டுதல் ஒவ்வொரு முறையும் வலியைக் கொண்டுவராது. சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானால் மட்டும் தாங்கிவிடும். முகூர்த்த நாளில் மூன்று மணிக்கே எழுந்து, வெறும் வயிற்றோடு வெயிலில் பேருந்தில் போய், மேளச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் தாங்காது. மாதவிடாய்க்கு இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை மைக்ரேன் வரும் பெண்கள் அந்தத் தூண்டுதலைத் தவிர்க்க முடியாது. ஆனால் தேதி ஏறக்குறைய தெரியுமே, அந்த நாட்களில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் விடாதீர்கள். விரதத்தை வேறு நாளுக்கு மாற்றுங்கள்.

பின்சேர்க்கை

ஞாயிறு காலையில் மட்டும் வலியா? தினமும் ஆறு மணிக்குக் குடிக்கும் காபி அன்று ஒன்பதுக்குப் போயிருக்கும், தூக்கமும் நீண்டிருக்கும். ஒரே நாளில் காபியை நிறுத்தினாலும் வலிக்கும். சில நாளுக்கு ஒருமுறை கால் டம்ளர் வீதம் குறையுங்கள்.

மாத்திரைக் கட்டத்தையும் எண்ணுங்கள். பாராசிட்டமால் போன்றவை மாதம் 15 நாளோ, டிரிப்டான் (மைக்ரேனுக்கென்றே உள்ள மாத்திரை வகை) அல்லது காஃபின் சேர்ந்த கலவை மாத்திரை 10 நாளோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்தால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். அந்த அளவை நெருங்கினால் காலண்டரைக் கழற்றி நரம்பியல் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். வலிக்கு முன் கண்ணில் மின்னும் கோணல்மாணல் கோடுகள் வருமென்றால் அதையும் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை, அப்படிக் கோடுகள் வரும் பெண்களுக்குப் பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.