எல்இடி விளக்கை முதலில் உங்கள் கேமராவிடம் காட்டுங்கள்

குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் இப்போதெல்லாம் முதலில் கையில் எடுப்பது எல்இடி பேனல்தான். சூடு குறைவு, பேட்டரியில் ஓடும், குமிழைத் திருகினால் வெளிச்சமும் நிறமும் மாறும். ஆனால் கண்ணுக்கு நன்றாக இருக்கும் விளக்கு கேமராவுக்கும் அப்படியே இருக்கும் என்று நம்பி இறங்கிவிடாதீர்கள். ஒருமுறை இரவுக் காட்சிக்காக, கட்டில் பக்கத்து மேஜை விளக்கில் போனில் நிறம் மாற்றும் எல்இடி பல்பைப் போட்டு, பத்து சதவீதத்துக்கு இறக்கி, 120 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுத்தோம். நேரில் அவ்வளவு அழகு, கேமராவின் சின்னத் திரையிலும் ஒன்றும் தெரியவில்லை, எடிட்டிங்கில் பெரிய மானிட்டரில் போட்டதும்தான் நடிகையின் கன்னத்தில் கிடைமட்டமாக மெல்லிய கருங்கோடுகள் ஊர்வது தெரிந்தது. வீட்டைக் காலி செய்து கொடுத்தாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியவில்லை. அன்றிலிருந்து எந்த விளக்கு வந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யாமல் நான் படப்பிடிப்புக்குப் போவதில்லை.

ட்ரைபாட், வெள்ளைச் சுவர், கிரே கார்டு (நிறத்தைச் சரிபார்க்க உதவும் சாம்பல் நிற அட்டை), பொறுமையாக உட்காரும் ஒரு நண்பர், இவ்வளவு போதும்.

முதலில் அறையை இருட்டாக்குங்கள், டியூப்லைட்டையும் அணைத்துவிடுங்கள். கேமராவில் ஆட்டோ எதுவும் இருக்கக்கூடாது. ஒயிட் பேலன்ஸ் 5600 கெல்வின், 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50. ஏன் 1/50? நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் நேரடியாக எரியும் சாதாரண விளக்குகள் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். 1/50 நொடிக்குள் சரியாக இரண்டு ஏற்ற இறக்கம் அடங்கிவிடுவதால் எல்லா ஃப்ரேமுக்கும் ஒரே அளவு வெளிச்சம் கிடைக்கும். 24 ஃப்ரேமில் எடுப்பவர்கள் ஷட்டர் ஆங்கிளை (ஷட்டர் நேரத்தைக் கோணமாகச் சொல்லும் அளவு) 172.8 டிகிரி வைத்தால் அதே 1/50 வந்துவிடும்.

அடுத்ததுதான் முக்கியம், ஃப்ளிக்கர், அதாவது வெளிச்சம் துடிப்பது. விளக்கைச் சுவர் மீது அடித்து 100, 50, 25, 10, 1 சதவீதம் என்று ஒவ்வொன்றிலும் பத்து நொடி பதிவு செய்யுங்கள். பிறகு ஷட்டரை 1/100, 1/250, 1/500, 1/1000 என ஏற்றி அதையே திரும்பச் செய்யுங்கள். ஸ்லோமோஷன் எடுக்கும் திட்டம் இருந்தால் அந்த ஃப்ரேம் ரேட்டிலும் கட்டாயம். பல எல்இடிகள் வெளிச்சத்தைக் குறைப்பதே வேகவேகமாக அணைந்து எரிந்துதான், இதை பிடபிள்யூஎம் என்பார்கள். பத்து சதவீதம் என்றால் ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது, மீதி நேரம் இருட்டு. பெரும்பாலான கேமராக்களின் சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது, அதனால் ஷட்டர் வேகமாக இருக்கும்போது சில வரிகளுக்கு வெளிச்சம் கூடுதலாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் விழும். என் பல்பு மாட்டிக்கொண்டது இங்கேதான். நல்ல விளக்குகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை துடிக்கும், அல்லது மின்னோட்டத்தையே குறைக்கும். பதிவைப் பெரிய திரையில் பாருங்கள். வெளிச்சத்தின் அளவை வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்மில் கோடு மேலும் கீழும் துடித்தால் அந்த அளவு வேண்டாம்.

அப்புறம் நிறம். நண்பரை மதிய நேரத்தில் ஜன்னலோரம் உட்கார வைத்து ஒரு ஷாட், பிறகு அதே முகத்தை இந்த விளக்கில். உதடு, காது மடல், கன்னம் மூன்றையும் ஒப்பிடுங்கள். பெட்டியில் சிஆர்ஐ 95 (விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண்) என்று போட்டிருப்பது நல்லதுதான், ஆனால் அது எட்டு வெளிர்நிற மாதிரிகளின் சராசரி. அடர்சிவப்பான ஆர்9 அந்தக் கணக்கிலேயே இல்லை, நம் தோலுக்குத் தேவையோ அந்தச் சிவப்பு. எனவே ஆர்9 எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு கேமராவில் எடுப்பதானால் இரண்டிலும் சோதியுங்கள், ஏனென்றால் ஒன்றுக்கு வெள்ளையாகத் தெரியும் எல்இடி வெளிச்சம் மற்றதற்கு லேசான பச்சையாகத் தெரியலாம். விளக்கைக் குறைக்கும்போது கிரே கார்டின் நிறம் நகர்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறம் மாற்றும் விளக்காக இருந்தால் முழு நீலத்தில் முகத்தை எடுத்துப் பாருங்கள். மூக்கும் கன்னமும் கரைந்து ஒரே நீலப் பூச்சாகத் தெரியலாம். பல கேமராக்களின் ஸீப்ரா, அதாவது வெளிச்சம் அதிகமான இடத்தில் கோடுபோட்டுக் காட்டும் வசதி, இதை எச்சரிக்காது. அது பார்ப்பது மொத்த வெளிச்சத்தை, எச்டி தரக் கணக்கில் நீலத்தின் பங்கு அதில் சுமார் ஏழு சதவீதம்தான். மீட்டர் ‘குறைவு’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நீல சேனல் நிரம்பி வழிந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி பரேடைப் பார்த்து வெளிச்சத்தைக் குறையுங்கள், அல்லது கொஞ்சம் வெள்ளை கலந்துகொள்ளுங்கள். முகம் திரும்ப வந்துவிடும்.

விளக்குகளைத் தூரத்திலிருந்து இயக்கும் டிஎம்எக்ஸ் முறையில் இணைப்பவர்களுக்கு ஒரு விஷயம். ஒரு சேனலில் 0 முதல் 255 வரை 256 படிகள்தான், மெதுவாக அணையும் காட்சியில் கடைசிப் படிகள் தடக் தடக் என்று தெரியும். விளக்கில் 16 பிட் மோட் இருந்தால் அதைப் போடுங்கள், ஒரே வேலைக்கு இரண்டு சேனல் எடுத்துக்கொண்டு 65,536 படிகள் தரும். பத்து சதவீதத்திலிருந்து பூஜ்யம் வரை பத்து நொடி ஃபேட் ஒன்றைப் பதிவு செய்தால் உண்மை தெரிந்துவிடும்.

கிடைத்த முடிவுகளை ஒரு மாஸ்கிங் டேப்பில் ‘25%க்குக் கீழே போகாதே, ஷட்டர் 1/250க்கு மேலே வேண்டாம்’ என்று பெரிய எழுத்தில் எழுதி விளக்கின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். நடுராத்திரி அவசரத்தில் லைட்மேன் அண்ணன் பார்க்கப்போவது அதைத்தான்.