குடும்பத் தொழிலகத்துக்கு மரத்தால் ஒரு பணியிடம் அமைத்தல்

தலைமுறைகளாக நடந்துவரும் ஒரு சிறு தொழிலகத்துக்கு மரச் சட்டகத்தில் புதிய பணியிடம் கட்ட முனைபவர், மரத்தை எங்கே வைக்கக் கூடாது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். உலையும் வெல்டிங்கும், எண்ணெயும் குளிர்விப்பு நீரும் சிந்துகிற லேத் வரிசையும் இரும்புக் கூரையின் கீழேயே இருக்கட்டும். பொருத்துமிடம், பொதியறை, அலுவலகம், உணவுக்கூடம் ஆகியவற்றுக்கு மரம் நன்கு பொருந்தும். 1947இல் தொடங்கி இன்றும் குடும்பச் சொத்தாகவே இருக்கும் நார்வேயின் வெஸ்த்ரே நிறுவனம், மக்னோர் என்னும் ஊரில் 2022இல் திறந்த மரத் தொழிற்சாலையில், நான்கு கூடங்களையும் நடுவில் ஒரு வட்ட முற்றத்தைச் சுற்றிச் சந்திக்க வைத்திருக்கிறது. அலுவலகத்தைத் தனிக் கட்டடமாக ஒதுக்காமல் வேலை நடக்கும் இடத்தின் நடுவே வைக்கும் இந்த ஏற்பாடு, அப்பாவும் பிள்ளைகளும் தொழிலாளரோடு நின்று வேலை பார்க்கும் நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் ஏற்றது.

உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். கட்டடம் நிற்கும் காலம் முழுவதும் அது காற்றில் கலக்காமல் மரத்துக்குள்ளேயே இருக்கும். ஆயினும் அதற்காக ஒரு காட்டு மரத்தை வீழ்த்துவதில் பொருளில்லை என்பதால், இடிக்கப்படும் பழைய வீடுகளின் தேக்கு உத்திரங்களையும் பனங்கைகளையும் முதலில் தேடுங்கள். அவை பல ஆண்டுகள் உலர்ந்து, சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடிந்தவை. தேக்கு வாங்கும்போது வைரம் பாய்ந்த உட்பகுதியைத் தேர்ந்து வெளிர்ந்த விளிம்பைச் செதுக்கிவிட வேண்டும். பனையில் இது தலைகீழ். பழந்தமிழர் புறக்காழ் என்று வகுத்தது போல அதன் உறுதி வெளிப்புறத்திலேயே இருப்பதால், அதை மேலும் செதுக்கச் செதுக்க வலு குறையும். புதிய மரம் வேண்டியிருந்தால் தோட்டத்தில் வளர்த்ததை, விற்பனை ரசீதும் வனத்துறைப் போக்குவரத்து அனுமதியும் பெற்று வாங்குங்கள். மரக் கட்டமைப்புக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐ.எஸ். 883இன்படி கணக்கிடத் தெரிந்த கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தைச் சரிபார்த்த பிறகே தச்சரிடம் வேலையை ஒப்படைக்க வேண்டும்.

மரக்கட்டடத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது ஈரமே. இழைக்கும் நாளில் மரத்தின் ஈரப்பதம் 12 விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது; தொடர்ந்து 20 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும். ஈரமானியை வைத்து ஒவ்வொரு உத்திரத்தையும் நீங்களே சோதியுங்கள். விற்பவர் வாய்ச்சொல் போதாது. தூணின் அடி தரையைத் தொடக் கூடாது. கான்கிரீட் பீடத்தின் மேல் இரும்புக் காலணி பொருத்தி, தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் தூணை நிறுத்தினால், தரை கழுவும் தண்ணீர் மரத்தில் ஏறாது. கரையான் மண்புற்றுக் கட்டி ஏறினாலும் கண்ணுக்குத் தெரியும். கூரையின் இறவாரம் சுவருக்கு வெளியே 3 அடியாவது நீளட்டும், ஏனெனில் வடகிழக்குப் பருவமழையின் சாரல் நேராக விழுவதில்லை. போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் பூச்சிக்கு எதிராக நன்கு காக்கும் என்றாலும், மழை நனைத்தால் கரைந்து போய்விடும். ஆகவே அதைக் கூரைக்குக் கீழுள்ள மரத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அடித்தளம் போடும்போதே ஐ.எஸ். 6313 கூறும் கரையான் தடுப்பை முடித்துவிட வேண்டும். பிறகு செய்வது கடினமும் செலவும் ஆகும்.

தீ குறித்த அச்சம் இயல்பானது. பருத்த உத்திரம் மேற்பரப்பிலிருந்து மெல்லக் கரியும்: அடர்ந்த கடின மரத்தில் நிமிடத்துக்குச் சுமார் அரை மி.மீ., ஊசியிலை மரத்தில் 0.7 மி.மீ. அளவு. அந்தக் கரியே உள்மரத்தைக் காக்கும் என்பதால், தேவையான வலுவுக்கு மேல் கரிவதற்கென்று கூடுதல் கனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வெளியே தெரியும் இரும்பு இணைப்பு சூட்டில் முன்னதாகவே தளர்ந்துவிடும். போல்ட்டின் தலையை மரத்துக்குள் பதித்து மரமுளையால் மூடுங்கள். தீயணைப்புத் துறை, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம் ஆகியவற்றின் ஒப்புதல் கட்டுமானத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

ஆணியும் பசையும் இல்லாமல், கழற்றி மாட்டக்கூடிய போல்ட்டுகளால் கண்ணறைகளை, அதாவது இரு தூண் வரிசைகளுக்கு இடைப்பட்ட பகுதிகளை, ஒரே அளவில் அமைத்தால், தொழில் பெருகும்போது பக்கத்தில் இன்னொரு கண்ணறை சேர்க்கலாம். இடம் மாறினால் கட்டடமே உடன் வரும். ஒவ்வொரு மூட்டுக்கும் உளியால் ஓர் எண் பொறித்து வரைபடத்தில் குறித்துவைத்து, ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன் அந்த வரிசைப்படியே போல்ட்டுகளை இறுக்கியும் தூணடிகளைத் தட்டியும் பாருங்கள்.