‘சும்மா ஒரு கையெழுத்துதானே!’

மஞ்சப்பைக்குள் இருந்து அந்த அம்மா எடுத்து வைத்தது இரண்டே பொருள்கள். ஒன்று வக்கீல் நோட்டீஸ். இன்னொன்று அது வந்த கவர், ஓரத்தில் சாம்பார்க் கறையோடு. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கிறவர். அவசரத்துக்கு 40,000 ரூபாய் கடன் வாங்கி, வாரா வாரம் 1,000 ரூபாயாகக் கட்டி முடித்திருக்கிறார். நோட்டீஸில் இருந்த தொகையோ 3,00,000. “செக்குல இருக்குற எழுத்து என்னுது இல்லைங்க சார். கையெழுத்து மட்டும்தான் என்னுது. சும்மா ஒரு கையெழுத்துதானேன்னு போட்டுக் குடுத்தேன்” என்றார்.

தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவிக்காக வக்கீலாக நான் உட்காரும் நாட்களில் இந்த வார்த்தையைக் கேட்காத நாளே இல்லை. படிக்காதவர்கள் மட்டும் சொல்வதில்லை. வாத்தியார்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்கள்கூடச் சொல்லியிருக்கிறார்கள். பணம் தேவைப்படும் அவசரத்தில் வட்டிக்காரரிடம், பாசத்தில் அண்ணனிடம், பயத்தில் காவல் நிலையத்தில் என்று மறுக்க முடியாத இடத்தில்தான் நம்மிடம் கையெழுத்துக் கேட்கப்படுகிறது. அங்கே நடக்கிற தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

வெறும் செக்கும் வெறும் புரோநோட்டும்

தொகையும் தேதியும் பெயரும் எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அது செல்லாது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். இல்லை. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின்படி, கையெழுத்துப் போட்டு ஒருவர் கையில் கொடுத்துவிட்டாலே, மீதியை நிரப்பிக்கொள்ள அவருக்கு அனுமதி கொடுத்ததாகத்தான் அர்த்தம். ‘எழுத்து என்னுடையது இல்லை’ என்பது மட்டும் ஒரு எதிர்வாதமே ஆகாது. மனமறிந்து கொடுத்த வெறும் செக்காக இருந்தாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சாதாரண கிரிமினல் வழக்கில் குற்றத்தை எதிர்த்தரப்புதான் நிரூபிக்க வேண்டும். செக் வழக்கிலோ கடன் இல்லை என்று காட்டும் பொறுப்பு முதலில் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழுகிறது. குற்றம் உறுதியானால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

வங்கிக்குப் போய் ‘ஸ்டாப் பேமெண்ட்’ கொடுத்துவிட்டால், அல்லது கணக்கையே மூடிவிட்டால் தப்பிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். அப்படித் திரும்பும் செக்குக்கும், செக் வழக்குகளுக்கான அதே சட்டத்தின் 138-ஆம் பிரிவில் வழக்குப் போடலாம்.

சரி, கதவே அடைத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. அந்த அனுமானத்தை உடைக்கலாம். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய கட்டாயம்கூடக் கிடையாது; நீங்கள் சொல்வது நடந்திருக்கக்கூடியதுதான் என்று காட்டினால் போதும். செக் கொடுத்த பிறகு கடனில் ஒரு பகுதியை அடைத்திருக்க, அதைக் கழிக்காமல் முழுத் தொகைக்கும் செக்கைப் போட்டால் அந்த வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆக, வழக்கே நீங்கள் கட்டிய பணத்துக்கு அத்தாட்சி இருக்கிறதா என்பதில்தான் வந்து நிற்கும்.

இட்லிக்கடை அம்மாவிடம் அத்தாட்சி இருந்தது. அது அத்தாட்சி என்பதே அவருக்குத் தெரியாது. “ஏதாவது எழுதி வைச்சிருக்கீங்களா?” என்று நான் மூன்றாவது முறை கேட்ட பிறகுதான், மறுநாள் கோடு போட்ட ஒரு சின்ன நோட்டைக் கொண்டுவந்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒவ்வொரு வரியிலும் தேதி, 1,000, பக்கத்தில் வசூலுக்கு வந்த பையனின் குட்டிக் கையெழுத்து. 52 வரிகள். “பழைய பேப்பர் கடையில போட இருந்தேன்” என்றார். வழக்கை எதிர்த்து நிற்க அவருக்கு இருந்த பிடிமானமே அந்த நோட்டுதான்.

அதனால் கடனைத் திருப்பிக் கட்டும்போது கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். 500 ரூபாயாக இருந்தாலும் கூகுள் பே, போன் பே, வங்கி என்று ஏதாவது ஒன்றின் வழியாக அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். செக் கேட்டால் பெயர், தொகை, தேதி மூன்றையும் நீங்களே எழுதி, கொடுப்பதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘இந்த எண்ணுள்ள செக்கை இன்ன கடனுக்குப் பாதுகாப்பாகக் கொடுத்திருக்கிறேன்’ என்று அவருக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி வைப்பதும் பிற்பாடு உதவும். பாதுகாப்புக்குக் கொடுத்த செக் என்பதற்காக மட்டும் வழக்கு தள்ளுபடியாகிவிடாது. ஆனால் உண்மையான தொகை எவ்வளவு என்பதற்கு அந்தச் செய்தி சாட்சி.

‘கேட்கும்போது பணத்தைத் தருகிறேன்’ என்று எழுதிக் கொடுக்கும் புரோநோட்டிலும் இதே கதைதான், ஒரு வித்தியாசத்தோடு. புரோநோட்டுக்கு ஆயுள் 3 ஆண்டு. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் காலாவதி. அதனால் மூன்றாவது வருடம் முடிகிற நேரத்தில் ஒரு நாள் வந்து, “வட்டி 100 ரூபாய் வரவு வைச்சிருக்கேன், பின்னாடி ஒரு கையெழுத்துப் போடு” என்பார்கள். அந்தக் கையெழுத்தோடு காலக்கெடு முதலிலிருந்து ஓட ஆரம்பிக்கும். உண்மையில் கடன் பாக்கி இருந்தால் போடுவதில் தப்பில்லை. தீர்ந்த கடனுக்குப் போட்டுவிடாதீர்கள். கடன் முடிந்த அன்றைக்கே அசல் புரோநோட்டைக் கையில் வாங்குங்கள். “பீரோவுல எங்கேயோ இருக்கு, அப்புறம் தரேன்” என்று சொன்னால், ‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், கொடுக்கல் வாங்கல் பாக்கி இல்லை’ என்று ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி ரசீது எழுதி வாங்காமல் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்க வேண்டாம்.

கந்துவட்டி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. 3 ஆண்டு வரை தண்டனை உண்டு. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பம், இரண்டு பச்சைக் குழந்தைகளோடு, எரிந்தது. அதை நினைக்காமல் ஒரு கந்துவட்டி மனுவையும் என்னால் எழுத முடிந்ததில்லை. மிரட்டல் வருகிறதென்றால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அங்கே நகரவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். அதன் பிறகும் நீதிமன்றம் இருக்கிறது. கடன் வாங்கியது குற்றமில்லை. யாரும் தனியாக உட்கார்ந்து வெந்துபோக வேண்டியதில்லை.

தபால்காரரைத் திருப்பி அனுப்பாதீர்கள்

வக்கீல் நோட்டீஸை வாங்காமல் விட்டால் வழக்கு வராது என்பது ஊர் முழுக்க இருக்கும் நம்பிக்கை. சரியான முகவரிக்கு வந்த தபாலை ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திருப்பினால், உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். நோட்டீஸில் என்ன இருந்தது என்று தெரியாமல் போனதுதான் மிச்சம்.

செக் திரும்பியது என்று வங்கி தகவல் கொடுத்ததிலிருந்து 30 நாளுக்குள் செக்கை வைத்திருப்பவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 15 நாள் பணம் கட்ட அவகாசம். அது முடிந்த பிறகு ஒரு மாதத்துக்குள் அவர் நீதிமன்றம் போக வேண்டும். இந்தத் தேதிகளில் அவர் தவறியிருந்தால் அதுவே உங்களுக்குச் சாதகம். அதைக் கண்டுபிடிக்கவாவது நோட்டீஸையும் கவரையும் வாங்கி வைக்க வேண்டாமா?

பதில் நோட்டீஸ் கொடுக்காமல் விடுவது அடுத்த தவறு. “பொய்தானே எழுதியிருக்கான், இதுக்கு எதுக்குப் பதில்?” என்பார்கள். ஒரு வருடம் கழித்துக் கூண்டில் நின்று ‘நான் வெறும் செக்தான் கொடுத்தேன்’ என்று முதல் முறையாகச் சொன்னால், ‘அப்படியானால் நோட்டீஸ் வந்த அன்றே ஏன் சொல்லவில்லை?’ என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வி. சம்மன் வந்தும் போகாமல் இருந்தால் பிடிவாரண்டு வரும். அதற்கு மேல் விளக்க ஒன்றுமில்லை.

ஜாமீன் கையெழுத்து

கூட வேலை பார்ப்பவர் லோன் போடுகிறார், சீட்டு எடுக்கிறார், ஒரு சூரிட்டி கேட்கிறார். ‘அவன் கட்டாவிட்டால் முதலில் அவன் வீட்டுக்குப் போவார்கள், கடைசியில்தான் நம்மிடம் வருவார்கள்’ என்று நினைத்துப் போடுகிறோம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. கடன்காரரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. வங்கி நேராக உங்களிடமே வரலாம். நீங்கள் கட்டிய பணத்தை அவரிடம் வசூலிக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, ஆனால் அதற்குத் தனி வழக்கு, தனி அலைச்சல். நாம் கட்டினாலும் பரவாயில்லை என்று மனசு சொல்லும் தொகைக்கு மட்டும் போடுங்கள்.

“தங்கச்சி, இங்க ஒரு கையெழுத்து”

இது எனக்கு மனசு பொறுக்காத விஷயம். அப்பா காரியம் முடிந்து பதினாறாம் நாள் கழிந்திருக்கும். வாரிசுச் சான்றுக்கு என்று சொல்லி அக்கா தங்கைகளைப் பத்திர அலுவலகத்துக்குக் கூட்டிப் போவார்கள். போட்டோ, விரல் ரேகை, கையெழுத்து. ஒரு பட்டுப்புடவையும் கொஞ்சம் பணமும் கையில். வருடங்கள் கழித்து அந்தப் பத்திரத்தின் நகலை நான் வாசித்துக் காட்டும்போதுதான் அது விடுதலைப் பத்திரம் என்றே தெரிந்துகொள்வார்கள். ‘மேற்படி சொத்தில் இனிமேல் எனக்காவது என் வாரிசுகளுக்காவது யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது’ என்ற வரி வந்ததும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும்.

வாரிசுச் சான்று வாங்கப் பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதே இல்லை. அது வட்டாட்சியர் அலுவலகத்து வேலை. சார்பதிவாளர் முன்னால் உங்களை நிறுத்துகிறார்கள் என்றாலே, ஏதோ ஒரு சொத்து கைமாறுகிறது என்று அர்த்தம்.

இன்னொரு குழப்பம், ‘எனக்கு 1989-க்கு முன்னாடியே கல்யாணம் ஆகிடுச்சு, எனக்குப் பங்கு கிடையாதாமே’ என்பது. மகள்களுக்கும் பங்கு கொடுத்துத் தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்த திருத்தம் பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்தைப் பற்றியது. அதற்கு முன்பே மணமான மகள்களுக்கு அதில் இருந்த தடையையும் 2005-ன் மத்தியத் திருத்தம் எடுத்துவிட்டது. அந்த மத்தியத் திருத்தம் வந்த தேதியில் அப்பா உயிரோடு இருந்தாரா என்பதுகூட முக்கியமில்லை, மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரிந்த சொத்து இதில் வராது. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்து வேறு கணக்கு. அவர் உயில் எழுதாமல் இறந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு என்று 1956-ன் இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. கல்யாணம் எந்த வருடம் என்ற கேள்விக்கே அதில் இடமில்லை.

அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பது உங்கள் விருப்பம். மனசார விட்டுக்கொடுத்த எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். என்னவென்று தெரிந்து கொடுங்கள். பதிவுக்கு முந்தின நாளே பத்திரத்தின் வரைவை வீட்டுக்கு வாங்கி, படிக்கத் தெரிந்த பிள்ளையை விட்டு முழுக்க வாசிக்கச் சொல்லுங்கள். ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும். ‘குடும்ப மானம்’ என்று யோசித்துக்கொண்டே அந்த மூன்று வருடத்தையும் கடத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

வயதானவர்கள் உயிரோடு இருக்கும்போதே சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றித் தான செட்டில்மெண்ட் எழுதும்போது ‘கடைசி வரை வைத்துப் பராமரிக்க வேண்டும்’ என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். “பெத்த பிள்ளைகிட்ட அப்படி எழுதறதா?” என்று கூச்சப்படுவார்கள். 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் 23-ஆம் பிரிவில், பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யலாம். அந்த வரி பத்திரத்தில் இருந்தால் வேலை சுலபம். இல்லாவிட்டால் பெரிய போராட்டம். சந்தேகம் இருந்தால் செட்டில்மெண்ட் வேண்டாம், உயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உயிலை உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம்.

காவல் நிலையத்தில்

வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிய தாளானாலும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. விசாரணையில் சாட்சியாகச் சொன்னதைப் போலீஸ் எழுதிக்கொண்டால் அதில் நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது என்றே சட்டம் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது மாறவில்லை. நீங்கள் கொடுக்கும் புகாரில் மட்டும் உங்கள் கையெழுத்து வேண்டும். எஃப்ஐஆர் போட்டால் நகலை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்பதற்காக மேலே சொன்ன எதையும் விட்டுவிட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம், அல்லது நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் சட்டப் பணிகள் குழு அலுவலகத்துக்கு நேரில் போகலாம். போகும்போது நோட்டீஸ், அது வந்த கவர், வங்கிப் பாஸ்புக், பணம் கொடுத்ததை எழுதி வைத்த நோட்டு இருந்தால் அது, எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கவரில் இருக்கும் தபால் முத்திரைத் தேதியைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.