பிரிட்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: காரில் நாயைப் பத்திரமாகக் கூட்டிப் போவது

வீடு, வேலை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் ஓரளவு ஒழுங்கான பிறகு, இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களில் அடுத்து வருவது நாய். சிலர் சென்னையிலோ கொழும்பிலோ விட்டு வந்த தங்கள் நாயையே வரவழைக்கிறார்கள். சிலர் இங்கேயே காப்பகத்திலிருந்து எடுத்து வளர்க்கிறார்கள். எப்படி வந்தாலும், சில நாட்களிலேயே அதைக் காரில் ஏற்ற வேண்டி வரும்: கால்நடை மருத்துவரிடம், பூங்காவுக்கு, ஹாரோவிலோ ஈஸ்ட்ஹாமிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு. அந்த முதல் பயணத்துக்கு முன்பே, காருக்குள் நாய் எங்கே இருக்கும், எதில் கட்டப்பட்டிருக்கும் என்பதை முடிவு செய்துவிடுங்கள். ஊரில் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நாய் நின்றபடி வருவதையும், கார் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு போவதையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். மிகையே இல்லை.

ஊருக்குள் சாதாரணமாக ஓட்டும் வேகம் மணிக்கு 30 மைல், அதாவது 48 கிலோமீட்டர். அந்த வேகத்தில் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டாத நாய் நிற்காது. அதே வேகத்தில் முன்னே பாயும். மூன்றாவது மாடியிலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது என்ன வேகத்தில் இருக்குமோ, ஏறக்குறைய அந்த வேகம். இருபது கிலோ லாப்ரடார் அப்படி வந்தால் அதுவும் பிழைக்காது, வழியில் யார் தலை இருக்கிறதோ அவரும் தப்ப மாட்டார். பின்சீட்டில் நாய், முன்சீட்டில் அம்மா என்று உட்கார்ந்து போகும் குடும்பங்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். மோதல் வரை கூடப் போக வேண்டாம். பயந்த நாய் பிரேக் பெடலுக்கு அடியில் நுழைந்துகொண்டால் போதும்.

சட்டம் சொல்வது

ஹைவே கோட் என்ற சாலை விதிப் புத்தகத்தை நீங்கள் எப்படியும் படித்தாக வேண்டும். இந்திய, இலங்கை உரிமத்தை வைத்துக்கொண்டு இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதங்கள்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகும் ஓட்ட வேண்டுமானால் தியரி தேர்விலும் சாலைத் தேர்விலும் தேற வேண்டும். அந்தப் புத்தகத்தின் 57-ஆம் விதிதான் நமக்கு வேண்டியது. நாயோ வேறு விலங்கோ வண்டிக்குள் இருந்தால், அது உங்கள் கவனத்தைக் கலைக்காதபடியும், சட்டென்று பிரேக் போட்டால் உங்களையோ தன்னையோ காயப்படுத்திக்கொள்ளாதபடியும் தகுந்த முறையில் கட்டுப்படுத்தி வைக்கச் சொல்கிறது. அதற்கு நான்கு வழிகளையும் சொல்கிறது: சீட் பெல்ட்டோடு சேரும் ஹார்னஸ் (நாயின் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை), கையில் தூக்கும் பெட்டி, நாய்க்கூண்டு, டிக்கிக்கும் பின்சீட்டுக்கும் நடுவே போடும் தடுப்புக் கம்பி.

இந்த விதியை மீறினாலே இவ்வளவு அபராதம் என்று தனியாக எதுவும் இல்லை. அதனால் 'அது வெறும் அறிவுரைதான், கவலைப்படாதீர்கள்' என்று சொல்பவர்களைச் சந்திப்பீர்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். நாயால் கவனம் சிதறி வண்டி தடுமாறினால் போலீஸ் அதைக் கவனக்குறைவாக ஓட்டிய குற்றமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு 100 பவுண்டு அபராதமும் உரிமத்தில் 3 புள்ளிகளும் உண்டு. நீதிமன்றத்துக்குப் போனால் தொகை இன்னும் கூடும், புள்ளிகள் 9 வரை ஏறும். முதன்முதலாக இங்கே உரிமம் எடுத்தவர்களுக்கு முதல் இரண்டு வருடங்களில் 6 புள்ளிகள் சேர்ந்தாலே உரிமம் போய்விடும். மறுபடி இரண்டு தேர்வும் எழுத வேண்டும். புதிதாக வந்து, வேலைக்குக் காரை நம்பி இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. கார் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். விலங்குகளைக் கட்டாமல் ஏற்றிச் செல்வது பற்றி அதில் நிபந்தனை ஏதாவது இருந்தால் விபத்துக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதை வாங்குவது

குழந்தைகளுக்கான கார் சீட் என்றால் ஆர்44 அல்லது ஆர்129 தரச் சான்று இருந்தே ஆக வேண்டும். நாய் ஹார்னஸுக்கு அப்படிக் கட்டாயச் சான்று எதுவும் கிடையாது. 'பாதுகாப்பானது' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்க முடியாது. அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற அமைப்பு 2013-இல் பொம்மை நாய்களுக்கு ஹார்னஸ் மாட்டி மோதல் சோதனை நடத்தியது. அதில் பெரும்பாலான ஹார்னஸ்கள் தேறவில்லை. ஆகவே, வாங்கும் முன் தயாரிப்பாளர் மோதல் சோதனை செய்திருக்கிறாரா, எத்தனை கிலோ நாய் வரை சோதித்தார் என்று பாருங்கள். அந்த விவரத்தைத் தெளிவாக வெளியிடாத நிறுவனத்தை நான் ஒதுக்கிவிடுவேன்.

நல்ல ஹார்னஸில் மார்புப் பகுதி அகலமாக, மெத்தென்று இருக்கும், கொக்கிகள் உலோகத்தில் இருக்கும், தையல் தடித்திருக்கும். காரின் சீட் பெல்ட்டே ஹார்னஸின் பின்பக்க வளையத்துக்குள் நுழைந்து போவது போன்ற அமைப்பைத் தேடுங்கள். கடைகளில் சில பவுண்டுக்குக் கிடைக்கும் நீளமான பட்டைகளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நீளம் கூடக் கூட நாய் பாய்ந்துபோகும் தூரமும் கூடுகிறது. உட்கார, படுக்க முடிய வேண்டும். முன்சீட்டை எட்டக் கூடாது. அளவு அவ்வளவுதான். தலை சாய்க்கும் பகுதியின் கம்பியில் கட்டும் பட்டைகளும் வேண்டாம். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: காருக்குள் எந்தப் பட்டையையும் கழுத்துப்பட்டையில் மாட்டவே கூடாது. மோதும்போது முழு எடையும் கழுத்தில் விழும்.

பெரிய நாய், கூடவே இரண்டு பிள்ளைகள் என்றால் பின்சீட்டில் எல்லாருக்கும் இடம் இருக்காது. அப்போது டிக்கிதான் நாய்க்கு இடம். ஆனால் ஹேட்ச்பேக், எஸ்டேட் மாதிரி பின்புறம் உள்ளேயே திறந்திருக்கும் கார்களில் மட்டும். மூடிய டிக்கி உள்ள செடான் காரில் நாயை ஒருபோதும் அங்கே வைக்காதீர்கள். தடுப்புக் கம்பி உங்கள் கார் மாடலுக்கென்றே செய்ததாக இருந்தால் நன்றாகப் பொருந்தும். தடுப்பு மட்டும் இருந்தால் நாய் முன்னே வராது, உண்மைதான். ஆனால் டிக்கிக்குள் உருளும். கூண்டுக்குள் வைப்பது அதைவிட நல்லது. எழுந்து நிற்க, திரும்ப, படுக்க முடிகிற அளவு போதும். தாராளமாக இருக்கட்டும் என்று ரொம்பப் பெரிதாக வாங்கினால் ஒவ்வொரு வளைவிலும் நாய் பக்கத்துச் சுவரில் இடிக்கும். கூண்டைப் பின்சீட்டின் முதுகோடு ஒட்டி வைத்து, டிக்கியில் இருக்கும் உலோக வளையங்களில் பட்டை போட்டு இறுக்கிக் கட்டுங்கள்.

பொமரேனியன், ஷிட்ஸு போன்ற சின்ன நாய்களை மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம்மவர்களிடம் அதிகம். வேண்டாம். முன்சீட்டில் ஏர்பேக் வெடித்தால் மடியில் இருக்கும் நாய் நசுங்கிப் போகும். சின்ன நாய்க்கு உறுதியான பெட்டி ஒன்று வாங்கி, முன்சீட்டுக்குப் பின்னால் கால் வைக்கும் பள்ளத்தில் ஆடாமல் பொருத்திவிடுங்கள். வேறு வழியே இல்லாமல் முன்சீட்டில் ஹார்னஸோடு உட்கார வைக்க நேர்ந்தால், ஏர்பேக்கை அணைத்துவிட்டு சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள்.

பழைய பொருட்கள் விற்கும் தளங்களில் ஹார்னஸ் மலிவாகக் கிடைக்கும். கூண்டை அங்கே வாங்கலாம், ஹார்னஸை வாங்காதீர்கள். ஒருமுறை விபத்தில் இழுபட்டிருந்தால் தையல் உள்ளுக்குள் பலவீனமாகியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது.

ஹீத்ரோவிலிருந்து வீட்டுக்கு

ஊரிலிருந்து நாயைக் கொண்டுவருபவர்கள் மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, குறைந்தது 30 நாட்கள் கழித்து ரத்தப் பரிசோதனை, ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதக் காத்திருப்பு என்று எல்லாவற்றையும் பொறுமையாக முடித்திருப்பார்கள். விமானத்தில் நாய் சரக்காகத்தான் வரும். ஹீத்ரோவில் அதற்கென்று இருக்கும் விலங்கு வரவேற்பு மையத்தில் காகிதங்களைச் சரிபார்த்துக் கையில் கொடுக்கச் சில மணி நேரம் ஆகும். அங்கிருந்து வீட்டுக்கு வரும் அந்த ஒரு பயணத்தைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை.

விமானக் கூண்டு பெரியது. நடுத்தர நாயின் கூண்டே சின்ன ஹேட்ச்பேக் டிக்கியில் நுழையாமல் போகலாம். கூண்டின் அளவை ஊரிலேயே குறித்துவைத்து, உங்கள் காரின் டிக்கிக் கதவுத் திறப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள். இடிக்குமானால் அன்றைக்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள். அந்தக் கூண்டு விமானத்துக்காகச் செய்தது, கார் மோதலுக்காக அல்ல; அதனால் அதையும் பட்டை போட்டுக் கட்ட வேண்டும்.

நாய் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கூண்டில் இருந்து, பயந்து, களைத்துப் போயிருக்கும். உங்களைப் பார்த்ததும் துள்ளும். உங்களுக்கும் அழுகை வரும். அந்த நேரத்தில் கார் நிறுத்துமிடத்தில் கூண்டைத் திறந்துவிடாதீர்கள். புது ஊர், புது வாசனை, தலைக்கு மேல் விமானச் சத்தம். கைநழுவி ஓடினால் அது எங்கே போவதென்று தெரியாமல் ஓடும். காருக்குள் ஏறி, கதவு ஜன்னல் எல்லாம் மூடிய பிறகுதான் கூண்டுக் கதவைத் திறந்து கயிறு மாட்ட வேண்டும். முடிந்தால் வீட்டுக் கதவுக்குள் வரும்வரை திறக்கவே வேண்டாம். இரண்டு பேராகப் போங்கள்: ஒருவர் ஓட்ட, ஒருவர் பின்னால் நாயின் அருகில்.

காருக்குப் பழக்குவது

ஹார்னஸை முதல் நாளே மாட்டிக் காரில் ஏற்றினால் நாய் இரண்டையும் வெறுக்கும். வீட்டுக்குள்ளேயே சில நாட்கள் மாட்டிப் பழக்குங்கள், மாட்டும்போதெல்லாம் பிடித்த தின்பண்டம் கொடுங்கள். அப்புறம் நின்றிருக்கும் காரில் உட்கார வையுங்கள், பிறகு எஞ்சினை ஓட விட்டு, பிறகு தெருமுனை வரை. பயணத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். குட்டிகளுக்குக் காரில் வாந்தி வருவது சகஜம்; தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் அதற்கு மருந்து இருக்கிறது. மனிதர்களுக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்காதீர்கள்.

கதவில் குழந்தைப் பூட்டைப் போட்டு, ஜன்னல் பொத்தானையும் பூட்டிவையுங்கள். நாயின் கால் பட்டே ஜன்னல் இறங்கிவிடும். இறங்கும்போது முதலில் கயிறு, பிறகு பெல்ட்டைக் கழற்றுவது, கடைசியாகக் கதவு. இந்த வரிசையைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

கட்டியிருக்கிறது, பத்திரமாக இருக்கும் என்று காரிலேயே விட்டுப் போவது வேறு ஆபத்து. வெளியே 22 டிகிரி என்றாலே மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி வரை ஏறலாம் என்று ஆர்எஸ்பிசிஏ என்ற விலங்கு நல அமைப்பு எச்சரிக்கிறது. சென்னை வெயிலைப் பார்த்த நமக்கு 22 டிகிரி குளிர்போலத் தோன்றும், அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். ஆகஸ்ட்டில் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் தேருக்குப் போகிறீர்களா? நாயை வீட்டில் விட்டுப் போங்கள், அல்லது ஒருவர் அதனோடு இருக்கட்டும். ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் போதும் என்பது தவறு. வேறு யாருடைய காரிலாவது நாய் வெயிலில் துவண்டு கிடப்பதைப் பார்த்தால் 999-ஐ அழைக்கத் தயங்காதீர்கள்.

வழியில் ஏதாவது நடந்தால்

பொது இடத்தில் நாயின் கழுத்துப்பட்டையில் உரிமையாளர் பெயரும் முகவரியும் உள்ள வில்லை இருக்க வேண்டும் என்பது சட்டம். கூடவே கைபேசி எண்ணையும் பொறித்துவிடுங்கள். வாடகை வீடு மாறும் ஒவ்வொரு முறையும் மைக்ரோசிப் பதிவேட்டில் முகவரியை மாற்றுங்கள். வங்கிக்கும் பள்ளிக்கும் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். விபத்தில் கண்ணாடி உடைந்து நாய் ஓடிவிட்டால், அதை உங்களிடம் திருப்பிக் கொண்டுவர அந்த எண்கள்தான் உதவும்.

மோட்டார்வேயில் வண்டி நின்றுபோனால் மனிதர்கள் எல்லாரும் இடதுபக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். நாயைக் காருக்குள்ளேயே விட வேண்டும். கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் 70 மைல் வேகத்தில் வண்டிகள் போகும் சாலையில் பயந்த நாய் இறங்கினால் அதற்கும் ஆபத்து, பின்னால் வருபவர்களுக்கும் ஆபத்து. தீ, புகை போன்ற அவசரம் இருந்தால் மட்டும் கீழே இறக்கி, கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரப் புல்தரையில் வைத்திருக்கலாம். அதற்காகக் கயிற்றை டிக்கிக்குள் பைகளுக்கு அடியில் போடாமல், பின்கதவைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். மீட்பு வண்டியை அழைக்கும்போதே காரில் நாய் இருப்பதையும் அதன் அளவையும் சொல்லிவிடுங்கள். ஓட்டுநரின் அறையில் நாயை ஏற்றிக்கொள்வார்களா, காரிலேயே விட்டு வைப்பார்களா என்பதை அவர்கள் வந்து நிற்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.