ரோமல் பெரிய தளபதியா? விவாதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் ஊர் நூலகத்து மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் எட்டுப் பேர் ஒரு விவாதப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். தலைப்பு, ‘ஜெர்மானியத் தளபதி எர்வின் ரோமலின் புகழ் தகுதியானதா?’ பதினைந்து வருடமாக நான் இப்படிப் போர் வரலாறு பேசும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அதற்கு முன்னால் நானே மேடை ஏறிப் பேசியவன். அன்று அவர்கள் எடுத்துவைத்த வாதங்களில் பாதி, இருபது வயதில் நான் சொல்லித் தோற்றவை. அவற்றைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தும் மனம் ஆறவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெயரைத் தப்பாக உச்சரிப்பது, தேதி மாறுவது, டாங்கி வகைகளைக் குழப்புவது போன்றவற்றை இங்கே பேசப் போவதில்லை. அவற்றை யாராவது திருத்திவிடுவார்கள். கைதட்டல் கிடைப்பதாலேயே திருத்தப்படாமல் போகிற தவறுகள்தான் எனக்குக் கவலை.

வரைபடத்து அம்புக்குறியை வெற்றி என்று எண்ணுவது

இரண்டாம் உலகப் போரில், இத்தாலியரோடு சேர்ந்து பிரிட்டிஷாரை எதிர்க்க, 1941 பிப்ரவரி 12 அன்று ரோமல் லிபியாவின் டிரிபோலியில் வந்து இறங்கினார். ஏப்ரல் பாதிக்குள் அவருடைய படை எகிப்து எல்லையைத் தொட்டுவிட்டது. வரைபடத்தில் பார்த்தால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் பாலைவனத்தில் நிலத்தைப் பிடிப்பதற்கு மற்ற இடங்களில் உள்ள மதிப்பு கிடையாது. 1941 பிப்ரவரியிலிருந்து 1942 நவம்பர் வரை பெங்காசி நகரம் மட்டும் ஐந்து முறை கைமாறியது. எதிரியின் படை அழிந்ததா, துறைமுகம் கிடைத்ததா, பிடித்ததைத் தக்கவைக்க முடிந்ததா என்று கேளுங்கள். எத்தனை கிலோமீட்டர் என்பது அப்புறம்.

எதிரியின் பாராட்டைச் சான்றிதழாக நீட்டுவது

1942 ஜனவரியில் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் எழுந்து, ரோமல் மிகத் துணிச்சலும் திறமையும் உள்ள எதிரி, பெரிய தளபதி என்று பேசினார். எல்லாப் பிள்ளைகளும் இதைத்தான் முதலில் எடுப்பார்கள். எதிரியே சொல்லிவிட்டான், இனி என்ன வேண்டும் என்பது போல.

சர்ச்சில் அன்று எந்த நிலையில் பேசினார் என்று பாருங்கள். அவருடைய படை லிபியாவில் மறுபடி பின்வாங்கிக்கொண்டிருந்தது. மலாயாவில் அதைவிட மோசம். நாடாளுமன்றம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. தோற்றவருக்கு, தோற்கடித்தவர் மாவீரராக இருப்பது வசதி. அதே காலத்தில் பிரிட்டிஷ் தளபதி ஆச்சின்லெக் தன் அதிகாரிகளுக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார். நம் ஆட்கள் ரோமலைப் பற்றியே பேசிப் பேசி அவரை ஒரு மந்திரவாதி ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள், இது ஆபத்து, நிறுத்துங்கள் என்பது அதன் சாரம். சர்ச்சிலைச் சொல்கிறவர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

போருக்குப் பிறகு வேறொரு தேவை வந்தது. சோவியத் யூனியனுக்கு எதிராக மேற்கு ஜெர்மனிக்குப் புதிதாக ஒரு ராணுவம் வேண்டும். அந்த ராணுவத்துக்கு நாஜிக் கறை படியாத ஒரு முன்னோடி வேண்டும். நார்மண்டியில் ரோமலிடம் தலைமை அதிகாரியாக இருந்த ஹான்ஸ் ஸ்பைடல் 1957இல் நேட்டோவின் மத்திய ஐரோப்பியத் தரைப்படைகளுக்குத் தளபதியானார். மேற்கு ஜெர்மன் கடற்படையின் ஒரு போர்க்கப்பலுக்கே ரோமல் பெயர் வைத்தார்கள். இதனால் புகழ் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அந்தப் புகழை வளர்த்தவர்களுக்கும் ஒரு காரியம் இருந்தது என்பதைச் சபைக்குச் சொல்ல வேண்டும்.

“பெட்ரோல் மட்டும் கிடைத்திருந்தால்...”

இதில் கொஞ்சம் அதிகமாகவே நிற்கப் போகிறேன். இந்த ஒரு வாதத்தால் ஒரு இறுதிச் சுற்றையே இழந்தவன் நான். இன்றும் யாராவது இதைச் சொன்னால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அப்போது கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. நான் ரோமல் கட்சி. எட்டு நிமிடப் பேச்சில் ஐந்து நிமிடத்தை எரிபொருளுக்கே கொடுத்தேன். 1942 கடைசியில் எகிப்தின் எல் அலமைனில் ரோமல் தோற்ற போர் நடந்த நாட்களில், எரிபொருள் ஏற்றிவந்த இத்தாலியக் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிக்கப்பட்டதைத் தேதியோடு அடுக்கினேன். அக்டோபர் 26 புரோசர்பினா, 28 லூயிசியானோ, நவம்பர் 1 டிரிபோலினோ. இந்த மூன்று கப்பல்களும் வந்திருந்தால் சரித்திரமே வேறு என்று முடித்தேன். நல்ல கைதட்டல். நடுவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, படைக்குச் சாமான் அனுப்பும் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, லாரி போய்ச் சேர முடியாத இடத்துக்குப் படையைக் கூட்டிக்கொண்டு போனது யார்?”

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் பிறகு பல வருடம் படித்தேன்.

டிரிபோலியிலிருந்து எல் அலமைன் வரை சாலை வழியாகச் சுமார் 2,000 கிலோமீட்டர். முழுத் தூரத்துக்கும் ஓடுகிற ரயில் கிடையாது. கடற்கரையை ஒட்டிய ஒரே சாலை. பெட்ரோல் ஏற்றிப் போகும் லாரிக்கும் பெட்ரோல்தான் வேண்டும். போகும்போதும் வேண்டும், காலியாகத் திரும்பும்போதும் வேண்டும். பெங்காசி துறைமுகம் பக்கம்தான், ஆனால் டிரிபோலி அளவுக்குச் சரக்கை இறக்கும் வசதி அதற்கு இல்லை. எகிப்து எல்லைக்குப் பக்கத்தில் உள்ள டோப்ருக் துறைமுகம் அதைவிடச் சிறியது, பிரிட்டிஷ் விமானங்களுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. இத்தாலியிலிருந்து அனுப்பியதில் பெரும்பகுதி கடலைக் கடந்து ஆப்பிரிக்காவுக்கு வந்துதான் சேர்ந்தது. கரையில் இறங்கிய சரக்கு முன்னணிக்குப் போய்ச் சேருவதுதான் பெரிய சிக்கல். படை முன்னேற முன்னேற அந்தச் சிக்கல் பெருத்துக்கொண்டே போகும். இது ரோமலுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 1941இலேயே அவர் அதை அனுபவித்துவிட்டார்.

1942 ஏப்ரல் கடைசியில் ஹிட்லரும் முசோலினியும் ஒரு வரிசைக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். முதலில் டோப்ருக்கைப் பிடிப்பது. பிறகு எகிப்து எல்லையில் நின்றுகொள்வது. அதன்பின் மால்டா தீவைத் தாக்குவது. மால்டாவிலிருந்துதான் பிரிட்டிஷ் விமானங்களும் நீர்மூழ்கிகளும் கிளம்பி வந்து கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. ஜூன் 21 அன்று டோப்ருக் விழுந்தது. பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 33,000 பேர் சிறைப்பட்டார்கள். நம் நாட்டு 11ஆவது காலாட்படைப் பிரிகேடின் வீரர்களும் அதில் இருந்தார்கள். மறுநாள் ரோமல் ஃபீல்டு மார்ஷல் ஆனார். அந்த நேரத்தில்தான் அவர் வரிசையை மாற்றச் சொன்னார். எல்லையில் நிற்க மாட்டேன், நைல் நதிக்குப் போகிறேன் என்றார். மத்தியதரைக்கடல் பகுதியின் ஜெர்மன் தளபதி கெசல்ரிங், மால்டாதான் முதலில் என்று வாதாடினார். ரோமல் அவரைத் தாண்டி ஹிட்லரிடம் போனார். ஹிட்லர் முசோலினியைச் சம்மதிக்க வைத்தார். மால்டாத் திட்டம் ஓரம் போனது.

ஜூலை 1 அன்று எல் அலமைன் வாசலுக்கு வந்தபோது ரோமலிடம் ஓடுகிற ஜெர்மன் டாங்கிகள் சுமார் 55தான் மிச்சம். அன்று டெய்ர் எல் ஷெய்ன் என்ற பள்ளத்தில் 18ஆவது இந்தியப் பிரிகேடு மாலைவரை நின்று போரிட்டுச் சிதைந்தது. ரோமலின் ஒரு முழு நாளை அது தின்றுவிட்டது. பிரிட்டிஷாருக்கோ சரக்கு இறங்கும் அலெக்சாந்திரியா துறைமுகம் நூறு கிலோமீட்டர் பின்னால்தான். ஆகஸ்ட் 15 அன்று ஒஹாயோ என்ற எண்ணெய்க் கப்பல், பாதி மூழ்கிய நிலையில் மால்டாவுக்குள் இழுத்துவரப்பட்டது. தீவு பிழைத்தது. மால்டாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் இத்தாலியக் கப்பல்கள் மேல் அடி விழுந்தது. நான் மேடையில் அடுக்கிய அக்டோபர் பட்டியலின் வேர் ஜூன் மாதத்தில் இருக்கிறது.

அப்படியென்றால் ரோமல் கட்சிக்கு வாதமே இல்லையா? இருக்கிறது. ஓடுகிற எதிரிக்கு மூச்சுவிட நேரம் கொடுத்தால் ஒரே மாதத்தில் அவன் மறுபடி எழுந்துவிடுவான். அதைத் தடுக்கத் துரத்துவது நியாயமான கணக்கு. டோப்ருக்கில் கிடைத்த சுமார் 2,000 வாகனங்களும் உணவும் எரிபொருளும் அந்தக் கணக்கில் வரும். கப்பல்கள் இத்தாலியர் கையில் இருந்தன, ரோமலின் கட்டளையில் இல்லை. இத்தாலியர், ஜெர்மானியர் இருவரின் ரகசியச் செய்திகளையும் பிரிட்டிஷார் படித்துவிடுவதால் கப்பல் எப்போது கிளம்பும் என்பது அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்தது. ரோமலுக்கு அது தெரியாது. இவற்றைப் பேசுங்கள். முடிவெடுத்த நாளில் அவர் முன்னால் இருந்த தகவல்களை வைத்து, அவர் எண்ணிப் பார்த்தே துணிந்தார் என்று நிறுவுங்கள். பெட்ரோல் இல்லாமல் போனதை விதி போலச் சொல்லிப் புலம்பாதீர்கள். ஒரு படைத் தளபதிக்கு லாரியும் துறைமுகமும் பீரங்கிக்குச் சமமான வேலை.

அன்று நூலகத்தில் ஒரு மாணவி இதே பெட்ரோல் வாதத்தை உருக்கமாகப் பேசினாள். அந்த நடுவர் கேட்ட கேள்வியை நான் அவளிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் போய்விட்டாள். அடுத்த வாரம் ஒரு தாளோடு வந்தாள். டிரிபோலியிலிருந்து ஒரு லாரி நாளைக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் போய்த் திரும்ப இருபது நாள் என்று கணக்குப் போட்டிருந்தாள். “சார், நான் எந்தப் பக்கம் பேசினாலும் இதிலிருந்துதான் தொடங்கணும்” என்றாள். எனக்கு அந்த வயதில் அது தோன்றவில்லை.

எல்லாப் புகழையும் ஒரே பெயரில் வரவு வைப்பது

ரோமலின் கீழ் இருந்த படையில் இத்தாலியர்கள்தான் அதிகம். 1941 நவம்பர் 19 அன்று பிர் எல் குபியில் பிரிட்டிஷ் டாங்கிப் பிரிகேடை அடித்துத் திருப்பியது இத்தாலியின் அரியேத்தே டிவிஷன். நம் பேச்சாளர்கள் அந்தப் பெயரையே சொல்வதில்லை.

இன்னொன்று, ரோமலின் ‘மோப்பம்’. எதிரி என்ன செய்வான் என்று அவருக்கு உள்ளுணர்வில் தெரியும் என்பார்கள். கெய்ரோவில் இருந்த அமெரிக்க ராணுவப் பிரதிநிதி போனர் ஃபெல்லர்ஸ், பிரிட்டிஷ் படையின் நிலவரத்தை விரிவாக வாஷிங்டனுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் பயன்படுத்திய சங்கேதம் 1941இலேயே இத்தாலியர் கைக்குப் போயிருந்தது. அதனால் அந்தச் செய்திகள் ரோமலுக்கும் எட்டின. 1942 ஜூன் கடைசியில் அந்த வழி அடைபட்டது. ஜூலை 10 அன்று டெல் எல் ஈசாவில் ரோமலின் ஒட்டுக்கேட்கும் வானொலிப் பிரிவை ஆஸ்திரேலியர்கள் பிடித்தார்கள். அதற்குப் பிறகு எகிப்தில் அவருக்குப் பெரிய வெற்றி எதுவும் இல்லை. கிடைத்த தகவலை வேகமாகப் பயன்படுத்தியது அவர் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் தகவல் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது.

எதிர்ப்பக்கத்துக்கும் இது பொருந்தும். 4ஆவது இந்திய டிவிஷனில் நம் மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர் அந்தப் பாலைவனத்தில் இருந்தார்கள். எல் அலமைனில் வென்ற பிரிட்டிஷ் தளபதி மான்ட்கோமரி என்ற ஒற்றைப் பெயருக்குள் அவர்களும் காணாமல் போகிறார்கள்.

எந்த நிலைக்கு அளக்கிறோம் என்று சொல்லாமலே பேசுவது

1917இல் இத்தாலிய மலைகளில் சிறு படையை நடத்திய ரோமல், 1940இல் பிரான்சில் 7ஆவது பான்சர் (டாங்கி) டிவிஷனை நடத்திய ரோமல், ஆப்பிரிக்காவில் ஒரு முழு ராணுவத்தை நடத்திய ரோமல். மூன்று வேலையும் ஒன்றல்ல. முன்னால் நின்று நடத்துவது முதல் இரண்டுக்கும் பலம். மூன்றாவதில் அதுவே பலவீனமாகவும் ஆனது. 1941 நவம்பர் 24 அன்று அவர் போரின் நடுவில் எகிப்து எல்லைக் கம்பிவேலிக்குப் பாய்ந்து போனார். அன்று இரவு வண்டி வழிதவறி வேலிக்கு அந்தப் பக்கம், எதிரிகள் நடமாடும் இடத்திலேயே தங்க வேண்டி வந்தது. தலைமையகத்தோடு தொடர்பே இல்லை. கடைசியில் வெஸ்ட்பால் என்ற இளம் அதிகாரி தன் பொறுப்பில் ஒரு பான்சர் டிவிஷனைத் திரும்பி வரச் சொல்ல வேண்டியிருந்தது. ரோமலை எந்தப் படிக்கட்டில் நிறுத்தி அளக்கிறீர்கள் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மான்ட்கோமரியைத் தாழ்த்தினால் ரோமல் உயர்வார் என்று நம்புவது

உயர மாட்டார்.

“மரியாதையான போர்” என்று சொல்லிக் கடந்துபோவது

1942 ஜூலையில் வால்டர் ரௌஃப் என்ற, நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி டோப்ருக் வந்தார். எகிப்தும் பாலஸ்தீனமும் விழுந்தால் அங்கே உள்ள யூதர்களைக் கொல்ல ஒரு குழு ஏதென்சில் காத்திருந்தது. அவர் அதன் தலைவர். எல் அலமைனில் ரோமல் நின்றுபோனதால் அந்தக் குழு எகிப்துக்கு வரவில்லை. பிறகு துனிசியாவில் யூதர்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்தது. ரோமல் கைதிகளைக் கண்ணியமாக நடத்தினார் என்று பேசுகிறவர், அவர் வெற்றி யாருக்குக் கதவைத் திறந்திருக்கும் என்பதையும் பேச வேண்டும்.

மரணத்தைக் கொண்டுவந்து வாதத்தை முடிப்பது

1944 அக்டோபர் 14 அன்று ஹிட்லர் அனுப்பிய இரண்டு ஜெனரல்கள் ஹெர்லிங்கனில் இருந்த ரோமலின் வீட்டுக்கு வந்து, விஷம் அல்லது விசாரணை என்று கேட்டார்கள். அவர் விஷத்தைத் தேர்ந்தெடுத்தார். கேட்பவர் மனதை உலுக்குகிற நிகழ்ச்சி. ஹிட்லரைக் கொல்ல நடந்த ஜூலை 20 சதியைப் பற்றி ரோமலுக்கு எவ்வளவு தெரியும் என்பதில் வரலாற்று ஆசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. அது தனி விவாதம், அதற்குத் தனி நாள் வையுங்கள்.