முறைகேட்டைச் சொன்ன ஊழியரைப் பழிவாங்கலிலிருந்து காப்பது எப்படி?

முறைகேடு பற்றிப் புகார் கொடுத்த ஊழியரை மறுநாளே வேலையைவிட்டு அனுப்பும் நிறுவனங்கள் குறைவு. சில மாதங்கள் கழித்து ஒரு மெமோ, பிறகு தொலைதூரக் கிளைக்கு இடமாற்றம், ஆண்டு முடிவில் ஊதிய உயர்வு நிறுத்தம் என, தனித்தனியே பார்த்தால் வழக்கமான நிர்வாக நடவடிக்கையாகத் தோன்றும்படிதான் பழிவாங்கல் நடக்கும். ஆகவே புகாரைப் பெறும் அதிகாரி அன்றே அந்த ஊழியரின் பணி மதிப்பீடு, சம்பளம், ஷிப்ட், விடுப்பு விவரங்களின் நகலைத் தேதியிட்டுத் தனிக் கோப்பில் வைத்துவிட வேண்டும். அவருடைய கோப்பை மட்டும் கேட்டால் விஷயம் மதியத்துக்குள் அலுவலகம் முழுவதும் பரவிவிடும் என்பதால், அந்தத் துறையிலுள்ள அனைவரின் கோப்புகளையும் சேர்த்தே கேட்பது நல்லது. அடுத்த ஓராண்டில் அவருடைய பணிநிலையில் எந்த மாற்றம் செய்வதாயினும், புகாருக்கு உள்ளானவரோடு தொடர்பில்லாத ஒருவர் எழுத்துமூலக் காரணத்தைப் படித்து ஒப்புதல் தந்த பின்பே செய்ய வேண்டும்.

பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ஒரே லாரிச் சரக்குக்கு இரண்டு பில் போடப்பட்டதாகக் கொள்முதல் பிரிவு எழுத்தர் சொல்லியிருக்க, விசாரிப்பவர் அந்த இரண்டு பில்களை மட்டும் வரவழைத்தால், அவற்றைப் பார்த்தவர்கள் மூன்றே பேர் என்பது மேலாளருக்குத் தெரியாதா? ஆண்டு முழுவதற்குமான பில்களை, மற்றக் கிளைகளிலிருந்தும் சேர்த்து, வழக்கமான தணிக்கைபோலக் கேட்க வேண்டும்.

இந்தியாவில் 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 177ஆவது பிரிவு, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும், வங்கிகளிலும் பொது நிதி நிறுவனங்களிலும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கியவை போன்ற வேறு சில நிறுவனங்களும் புகார் ஏற்பாடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்கிறது. தக்க சூழலில் தணிக்கைக் குழுத் தலைவரையே நேரடியாக அணுகும் வழியும் அதில் இருக்க வேண்டும். அந்த வழியை ஊழியர்கள் படிக்கும் மொழியில் எழுதி ஒட்டாத நிறுவனம், அதைக் காகிதத்தில் மட்டுமே வைத்திருக்கிறது.

மத்திய அரசு, பொதுத்துறை ஊழியர்களின் நிலை வேறு. தேசிய நெடுஞ்சாலைப் பணியில் நடந்த முறைகேட்டைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயாவில் கொல்லப்பட்டதை அடுத்து, 2004இல் மத்திய அரசு பிறப்பித்த தீர்மானத்தின்படி மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்குப் புகார் அனுப்பலாம். உறையை ஒட்டி, அது பொதுநலன் கருதிய புகார் என்பதை மேலே குறிப்பிட வேண்டும்; பெயரும் முகவரியும் உள்ளே இருக்க வேண்டும்; உறைமேல் கூடாது. ஒப்புகைக் கடிதம் வராது. அடையாளம் வெளிப்படாமலிருக்கவே இந்த ஏற்பாடு. மாநில அரசு ஊழியர்கள் இதில் அடங்கமாட்டார்கள். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க 2014இல் நிறைவேறிய தனிச் சட்டமோ இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

விசாரணையில் குற்றம் நிரூபணமாகாவிட்டாலும், நல்லெண்ணத்தோடு சொன்னவருக்கான பாதுகாப்பு தொடர வேண்டும். நிரூபணமாகாத புகார் வேறு, தெரிந்தே சொன்ன பொய் வேறு.